ஃபாரம் அக்காவின் பென்சில் குறி

அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் கண்ணாடியோடு இரண்டு பொருள்கள் இருக்கும். ஒரு கறுப்பு மைப் பேனா, விரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன ஒரு பென்சில். யாராவது ஒரு ஃபாரத்தை நீட்டினால் கண்ணாடி முதலில் வெளியே வரும், அப்புறம் பேனா. தெரிந்ததையெல்லாம் பெரிய ஆங்கில எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே போவார். தெரியாத இடம் வந்தால் பேனாவை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்து, ஓரத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். ஃபாரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தன்னுடைய தாள்களைப் பார்த்து அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வந்த பிறகு அக்காவே ரப்பரால் குறியை அழிப்பார்.

"பென்சில் என்னோடது. அந்த எடத்துல பேனா உங்களோடது. மாத்திப்போடக் கூடாதுங்க அம்மிணி" என்பார்.

டெக்சாஸின் சுகர் லேண்டில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அவரை ஃபாரம் அக்கா என்று சொல்லும். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. தாராபுரத்துக்காரர். அங்கே தாலுகா ஆபீசில் பதினோரு வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, கணவருக்கு ஹூஸ்டன் பக்கம் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்ததும் வந்தவர். என் கணவரும் அதே தொழில்தான். இரண்டு வாரம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில், இரண்டு வாரம் வீட்டில். அவர் இல்லாத வாரங்களில் பள்ளிக்கூடம், இன்சூரன்ஸ், அம்மாவை ஊரிலிருந்து வரவழைக்கும் விசா என்று எந்தத் தாள் வந்தாலும் நான் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் போவேன். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எம்.எஸ்சி. படித்தவள், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தைக் கண்டாலே பேனாவை மூடி வைத்துவிடுவேன். அக்கா பக்கத்தில் இருந்தால் போட்டுவிடுவேன்.

எதையும் காலியாக விட அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பொருந்தாத கேள்வி என்றால் அதன் மேல் ஒரு கோடாவது இழுப்பார். ஒருமுறை நான், "இது ஆப்ஷனல்தான்க்கா, விட்டுருங்க" என்றேன்.

"காலியா உட்டா எவனோ ஒருத்தன் அவன் நெனச்சதை அதுல எழுதிக்குவானுங்க."

தாலுகா ஆபீசில் ஒரு விதவைக்கு அப்படி ஆனதாம். உதவித்தொகை மனுவில் வயது தெரியவில்லை என்று அந்த அம்மாள் விட்டுவிட்டுப் போக, யாரோ ஒருவர் ஆளைப் பார்க்காமலேயே முப்பத்தொன்பது என்று எழுதி உள்ளே தள்ளியிருக்கிறார். வயது போதாது என்று மனு தள்ளுபடி. மறுபடி எழுதி, மறுபடி அலைந்து, உத்தரவு வந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"செத்து எட்டாம் நாளு வந்துச்சு. நான்தான் தபால்ல அனுப்பினேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அரசியல் கூட்டங்களுக்கு அவர் போக ஆரம்பித்ததும் ஒரு ஃபாரத்தால்தான். 2001 செப்டம்பர் கடைசியில், இரட்டைக் கோபுரம் விழுந்த சூட்டில், மளிகைக் கடை கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் அவர் கணவரை முகத்தில் குத்திவிட்டான். ஊருக்கு ஓடு என்று கத்திக்கொண்டே குத்தினானாம். இரண்டு பல் போயிற்று. போலீஸ் எழுதிக்கொண்டதோடு சரி. அக்கா ஊர் வழக்கப்படி, நம் தொகுதி ஆளிடம் போய்ச் சொல்லலாம் என்று காங்கிரஸ் உறுப்பினரின், அதாவது நம் ஊர் எம்.பி. மாதிரியானவரின், உள்ளூர் அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, நீங்கள் இந்தத் தொகுதி வாக்காளரா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றதும் ஒரு தாளைக் கொடுத்தாள். அக்கா ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக் கொடுத்தார். பதில் வரவில்லை.

"நாம லிஸ்ட்டுல இல்லீங்க அம்மிணி. லிஸ்ட்டுல இல்லாத ஆளு அவிங்க கண்ணுக்குத் தெரிய மாட்டான். பல்லு போனாலும் தெரியாது, உசுரு போனாலும் தெரியாது."

சிட்டிசன் ஆன மறுமாதமே அக்கா கவுண்டி என்ற மாவட்ட ஆபீசில் பயிற்சிக்குப் போய், வாக்காளர் விண்ணப்பங்களை வாங்கிச் சேர்க்கும் அதிகாரத்தோடு ஒரு சான்றிதழ் வாங்கிவந்தார். அதைச் சட்டம் போட்டு மாட்டாமல், எங்கே போனாலும் கைப்பையில் வைத்திருந்தார். ஒரு கட்சியின் உள்ளூர் கிளப்பிலும் சேர்ந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். தொகுதிக்குப் போட்டியிட வந்த ஒவ்வொரு வேட்பாளரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "நீங்க தோத்துப்போனா மறுபடி இந்த ஹாலுக்கு வருவீங்களா?" அவர் ஆங்கிலத்தில் அது இன்னும் நேராக இருக்கும். வேட்பாளர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருப்பார். "எவனும் வரலீங்க" என்று பிறகு எங்களிடம் சொல்லுவார்.

2006 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் என் மகளும் அந்த கிளப்பின் வேட்பாளர்கள் கூட்டத்துக்குப் போனோம். மார்ச்சில் கட்சிக்குள் நடக்கும் முதல் சுற்றுத் தேர்தலுக்காக மூன்று வேட்பாளர்கள் வருவதாக இருந்தது. மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தால் கவர்ன்மெண்ட் என்ற அரசியல் பாடத்தில் கூடுதல் மார்க். அதற்காகத்தான் வந்தாள்.

ஒரு பார்பெக்யூ உணவகத்தின் பின்கட்டு ஹால். புகையில் வேகவைத்த இறைச்சி, உருளைக்கிழங்கு சாலட், சர்க்கரை போட்ட ஐஸ் டீ. அவற்றோடு அக்கா கொண்டுவந்த வெங்காயப் பக்கோடா இரண்டு தட்டு. வாசலோரம் ஒரு மேசையில் விண்ணப்ப அட்டைகள் கிடந்தன. அக்காவும் கிளப் செயலாளரும் அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாப்பாவுக்குப் பதினெட்டு ஆயிருச்சுல்ல? வா கண்ணு" என்று அக்கா ஓர் அட்டையை எடுத்தார். பெயர், முகவரி, பிறந்த நாள் எல்லாம் அவருக்கே தெரியும். எழுதிவிட்டார். நீங்கள் அமெரிக்கக் குடிமகனா, ஆம், இல்லை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"உங்க பேப்பரு எதுல நிக்குது அம்மிணி?"

"சிட்டிசன் இன்டர்வியூ பாஸ் ஆயிடுச்சுக்கா. அடுத்த மாசம் உறுதிமொழி செரிமனி. அவளுக்கும் என்னோட சேர்ந்தே வந்துரும்."

"பாப்பா பொறந்த நாளு போன மாசமே முடிஞ்சுருச்சுல்ல?"

"ஆமாக்கா."

அக்கா பேனாவை மூடினார். பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தின் ஓரத்தில் குறி போட்டார். அட்டையை மகளிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

"இது இன்னிக்கு வேண்டாங்க. வூட்டுல பேப்பரை எடுத்துப் பாருங்க. பதினெட்டு தாண்டிருச்சுன்னா கணக்கு வேறன்னு கேள்விப்பட்டிருக்கறேன். விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

அப்போது மைக் வேலை செய்யவில்லை என்று யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

மூன்று வேட்பாளர்களில் உயரமான ஒருவர் ஒவ்வொரு மேசையாகக் கை குலுக்கிக்கொண்டு வந்தார். பூட்ஸ் போட்டவர், அக்காவிடமிருந்து வணக்கம் என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டவர். கூடவே கிளப்பின் போட்டோக்காரர். என் மகளின் கையைப் பிடித்து, இதுதான் உன் முதல் ஓட்டா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வேட்பாளரும் என்னைப் பார்த்தார். விண்ணப்ப அட்டைக்கு வரிசையில் நின்ற நாலைந்து பேரும் பார்த்தார்கள். எல்லோரும் இந்த நாட்டுக்காரர்கள். எங்கள் தாள் இன்னும் ஆகவில்லை என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஆம் என்றேன்.

"அப்படியானால் ஒரு படம்" என்றார் போட்டோக்காரர். அவள் கையெழுத்துப் போடுவதுபோல, வேட்பாளர் பக்கத்தில் நிற்பதுபோல.

அட்டையை மேசையில் வைத்தேன். எல்லாம் நிரம்பியிருந்தது, அந்த ஒரு கட்டம் தவிர. மூன்று வாரம்தானே, மார்ச்சுக்குள் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தேன். என் கைப்பையில் இருந்த பேனாவை எடுத்து ஆம் என்பதில் டிக் அடித்தேன். அவள் அப்போது வேட்பாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் பக்கம் திருப்பினேன்.

"ஹியர், மா?" என்று கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். செயலாளர் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

அக்கா திரும்பி வந்து, "அட்டையைப் பத்திரமா வெச்சுக்கிட்டீங்களா?" என்றார்.

"பேக்ல இருக்குக்கா" என்றேன்.

பிப்ரவரியில் பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களோடு நின்று உறுதிமொழி எடுத்தேன். முடிந்ததும் ஓர் அதிகாரியிடம், என் மகளுக்கும் இதுவே போதும்தானே என்று கேட்டேன். வயது கேட்டார். பதினெட்டுக்கு முன்னால் நீங்கள் சிட்டிசன் ஆகியிருந்தால் அவளும் ஆகியிருப்பாள், இனி அவள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். என் கையில் அவர்கள் கொடுத்த குட்டிக் கொடி இருந்தது. நான் அதன் குச்சியை உடைத்துவிட்டேன் என்பதைக் காருக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் மகளின் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. மைக்ரோவேவ் மேல் இருந்த கூப்பன் கட்டுக்குள் ஒளித்தேன். அவள் கேட்டபோது, "கார்டு வரலையே" என்றேன். எழுதிக் கேட்டால் பதிவை ரத்து செய்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. அக்காவிடம் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடித்திருப்பார். அதற்கு முன் அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்றரை வருடம் எதையாவது சொல்லி அவள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டேன். 2007 இலையுதிர் காலத்தில் ஆஸ்டினில் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு பயிற்சி வேலைக்குச் சிட்டிசன் ஆக வேண்டும் என்று தானே ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதில் ஒரு கேள்வி: எந்தத் தேர்தலுக்காவது வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா?

"ஐ டிட், மா. எக்ஸ்ட்ரா கிரெடிட், ரிமெம்பர்?" என்றாள்.

வக்கீல் ஒரு குஜராத்திப் பெண். அலுவலகம் ஃப்ரீவே ஓரத்தில் ஆறாவது மாடியில். கவுண்டியிலிருந்து அட்டையின் நகலை வரவழைத்து மேசையில் வைத்தார். சிட்டிசன் என்று பொய்யாகச் சொல்வது இந்த நாட்டில் மன்னிக்கும் குற்றம் இல்லை, கிரீன் கார்டைப் பிடுங்கி ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று விளக்கினார். இந்த டிக் யார் அடித்தது?

"நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். ஆன்ட்டிதான் எல்லாம் எழுதினாங்க" என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் ஏசியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் அந்த ஆன்ட்டியின் வாக்குமூலம் வேண்டும் என்றார்.

மறுநாள் தனியாக அக்கா வீட்டுக்குப் போனேன். அதே சாப்பாட்டு மேசை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகலிலும் அது மங்கலாகத் தெரிந்தது. டிக்குக்குப் பக்கத்தில், சின்னப் பெருக்கல் குறி.

"இது என்ற குறிங்க அம்மிணி."

"ஆமாக்கா."

"அழிக்கலையே. நிரப்புன பொறவு எங்கிட்ட வரலையே இது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் குடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான் போட்டீங்கன்னு சொன்னா?"

"அப்ப நானும் சிட்டிசன் இல்லக்கா. தெரிஞ்சே போட்டேன்னு ஆயிடும். என்னோடதையும் தோண்டுவாங்கன்னு…"

"வக்கீலம்மா சொன்னாங்களா?"

"இல்ல. நானே இன்டர்நெட்ல படிச்சேன்."

அக்கா நகலை மேசையில் கவிழ்த்து வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"நான் சிட்டிசன். என்னைய எங்கீங்க அனுப்புவாங்க, தாராபுரத்துக்கா? போய் பஸ் ஸ்டாண்டுல மனு எழுதிக் குடுத்துப் பொழச்சுக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

வக்கீல் அலுவலகத்தில் அக்கா நேராக உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னார். நான்தான் நிரப்பினேன். பெண்ணிடம் கேட்கவில்லை, தாயிடமும் கேட்கவில்லை. நானாக டிக் போட்டேன். கூட்டத்தின் அவசரத்தில் அந்தப் பெண் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். வக்கீல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பேனா முனையால் நகலைத் தொட்டார். இந்தக் குறி என்ன? ஏதோ சந்தேகம் இருந்ததுபோல் தெரிகிறதே?

அக்கா குனிந்து பார்த்தார். "ஒன்றுமில்லை. பென்சில் வழுக்கிவிட்டது" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மகள் எனக்கு அந்தப் பக்கம்.

பதிவை ரத்து செய்யச் சொல்லும் கடிதத்தோடு வாக்குமூலத்தின் நகலும் கவுண்டிக்குப் போயிற்று. டிசம்பரில் அக்காவின் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு முறை விசாரணைக்கு அழைத்தார்கள். வழக்குப் போடவில்லை. ஆனால் செய்தி பரவ அதெல்லாம் தேவைப்படவில்லை. "அக்காகிட்ட கொடுத்தா நாமளும் மாட்டிக்குவோம்" என்று கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் ஒருத்தி என்னிடமே சொன்னாள். அந்தச் சாப்பாட்டு மேசையில் அதற்குப் பிறகு யார் தாளும் விழவில்லை.

2008 ஜனவரியில் மறுபடி வேட்பாளர்கள் கூட்டம், அதே ஹால். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நானும் போனேன். பூட்ஸ் போட்டவர் வரவில்லை, 2006-லேயே தோற்றுவிட்டார். அக்கா பக்கோடாத் தட்டோடு வந்தார். செயலாளர் வாசலிலேயே தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டினார். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஐஸ் டீ மேசைக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை.

பக்கோடாவை எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அந்தக் கோடையில் அக்காவும் கணவரும் ஒஹாயோவில் இருந்த மகன் வீட்டுக்கே போய்விட்டார்கள். வழியனுப்பப் பத்துப் பேர்கூட வரவில்லை. நான் போனேன். பெட்டி கட்ட உதவினேன், அவ்வளவுதான்.

2009-ல் என் மகள் உறுதிமொழி எடுத்தாள். வெளியே வந்தபோது வாசலில் தன்னார்வலர்கள் புதியவர்களுக்கு வாக்காளர் அட்டைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வயதான ஒரு பெண்மணி, நான் எழுதித் தரட்டுமா என்று பேனாவை எடுத்தார். மகள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தூண் ஓரமாக நின்று ஒவ்வொரு வரியாகப் படித்து, தானே எழுதினாள். "நெவர் அகெய்ன், மா. அந்த ஆன்ட்டி என் லைஃபையே முடிச்சிருப்பாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். தேதியை நினைவு வைத்திருந்தார்.

"பாப்பாவுக்குக் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கக்கா."

"நல்லதுங்க. பாப்பாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா. இன்னும் சொல்லல."

"சொல்லிருங்க அம்மிணி. காலியா உட்டா புள்ள அந்த எடத்துல என்னையத்தான் எழுதிக்கும்."

சரிக்கா என்றேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையாவது கேட்டிருக்கிறேன், சாப்பிட்டாயா, கார் எப்படி ஓடுகிறது, அதற்கு எண்ணெய் மாற்றினாயா என்று. இப்போது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். தமிழில் எழுதியிருக்கிறேன். என் மகளுக்குத் தமிழ் பேசினால் புரியும். படிக்கத் தெரியாது.